போர்டு மாட்டுவதற்கு முன்: ஊரில் குடி, மனநல உதவி தொடங்குவோருக்கு

கேள்வி: கிழக்கிலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில் ஒரு மாதர் சங்கத்தின் செயலாளர் நான். இங்கே தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து இருக்கின்றன. கசிப்பு, சாராயம் போதாதென்று இளம் பிள்ளைகளிடம் இப்போது ஐஸும் (மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருள்) வந்துவிட்டது. சங்க மண்டபத்தில் கிழமைக்கு ஒருநாள் 'போதை மறுவாழ்வு, மனநல ஆலோசனை நிலையம்' நடத்த யோசிக்கிறோம். முன்பு ஒரு நிறுவனம் வந்து இப்படிச் செய்தபோது கதிரைகள்தான் இருந்தன, ஆட்கள் வரவில்லை. எல்லாரும் வரக்கூடிய மாதிரி எப்படி நடத்துவது?

பதில்: அந்தப் பெயர்ப் பலகையை மட்டும் மாட்டாதீர்கள். யார் எந்த வளவுக்குள் நுழைந்தார் என்பது பின்னேரத்துக்குள் சந்தி வரை தெரிந்துவிடும் ஊர்கள் நம்முடையவை. 'போதை மறுவாழ்வு' என்று எழுதிய கதவுக்குள் போகிறவர், தன் மகளுக்குக் கல்யாணம் பேசும் நாளையும் யோசித்துத்தான் போவார். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடும் மிட்வைஃபோடும் பேசி, பிரஷரும் சீனியும் பார்க்கிற நாளாக அதை வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் எதற்கு வந்தார் என்று வெளியில் நிற்பவருக்குத் தெரியத் தேவையில்லை.

குடிக்கிறவர் தானாக வரட்டும் என்று காத்திருந்தால் கதிரைகள் வெறுமையாகத்தான் இருக்கும். முதலில் வரக்கூடியவர் அவருடைய மனைவி, தாய், அக்கா. இதில் கிழக்குக்கென்று ஒரு விஷயம் உண்டு. தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளை வந்து குடியேறுகிறார். வெளியிலிருந்து வரும் ஆலோசகர்கள் "தாங்க முடியாவிட்டால் தாய் வீட்டுக்குப் போங்கள்" என்பார்கள். இங்கே அவள் இருப்பதே தாய் வளவு. பக்கத்து வேலிக்கு அப்பால் தாயும் சகோதரிகளும் இருப்பது பெரிய பலம். வெறி கூடிய இரவில் பிள்ளைகளோடு எந்த வீட்டுக்குள் போவது, யார் வந்து வாசலில் நிற்பது என்பதைப் பகலிலேயே பேசி வைக்கலாம். ஆனால் கணவர் கோபித்துக்கொண்டு போவது தன் தாய் வீட்டுக்கு. அங்கே சோறும் கைச்செலவுக்குக் காசும் கிடைத்தால் இங்கே பேசியதெல்லாம் கரைந்துவிடும். ஆகவே மாமியையும் கூப்பிடுங்கள், அவர் முகத்தைச் சுளித்தாலும் சரி.

1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதற்கு உதவும். குடும்பத்தாருக்கு முறையாகப் பயிற்சி கொடுத்தபோது, சிகிச்சையே வேண்டாம் என்றிருந்த குடிகாரர்களில் நூற்றுக்கு 64 பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லாரும் கூடி அவரை நடுவில் இருத்தி நெருக்கும் முறையில் வந்தவர்கள் நூற்றுக்கு 30 பேர்தான். நம் ஊர்களில் பெரியவர்களைக் கூட்டி விசாரிப்பது இந்த இரண்டாவது வகை. பயிற்சியில் சொல்லிக்கொடுப்பது சாதாரண விஷயங்கள்: வெறியில் இருக்கும்போது வாதாடாதே, காலையில் தெளிவாக இருக்கும்போது பேசு; குடிக்காத நாளில் அவரோடு இருந்து சாப்பிடு, அந்த நாள் நல்ல நாள் என்று அவருக்குப் படட்டும்; கடையில் அவர் வைத்த கடனை நீ போய்க் கட்டாதே. அந்தப் பெண்ணின் நித்திரையையும் மனச்சோர்வையும் விசாரிப்பதும் இதே வேலையின் பகுதிதான். அவர் ஒருநாளும் வராவிட்டாலும், அவளுக்கு உதவி கிடைத்ததே ஒரு சேவை.

இனிச் சொல்வதை உங்கள் சங்கத்தில் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும். பல வருடமாகத் தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்து ஆறேழு மணித்தியாலத்தில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்: சுவரில் பூச்சி ஊருது என்பார், முற்றத்தில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று கத்துவார், காய்ச்சல் அடிக்கும். நம் ஆட்கள் இதைப் பேய் என்று எண்ணிக் கட்டிப்போட்டுவிட்டு மந்திரவாதியைத் தேடுவார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் இதில் உயிர் போகலாம். ஆஸ்பத்திரியில் உறக்க வகை மாத்திரையும் விற்றமின் பி1 ஊசியும் கொடுத்துச் சில நாளில் சரிப்படுத்திவிடுவார்கள். ஆகவே மண்டபத்தில் வைத்து யாரையும் குடி நிறுத்த வேண்டாம். ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "காலையில் கை நடுங்கி, ஒரு மடக்குக் குடித்த பிறகுதான் நிற்குதா?" ஆம் என்றாலோ, முன்பு வலிப்பு வந்திருந்தாலோ, நேரே ஆஸ்பத்திரி.

கறிக்குள் ரகசியமாகப் போடும் 'குடி நிறுத்தும் மாத்திரை' பற்றியும் கேட்பார்கள். டைசல்ஃபிராம் என்ற அந்த மருந்து உடலில் இருக்கையில் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் விழும். இருதய நோயாளி செத்தும் போகலாம். கடைசி மாத்திரைக்கு இரண்டு கிழமை கழித்துக்கூட இது நடக்கும். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, வைத்தியர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. அன்பினால் செய்தாலும் ரகசியமாகக் கொடுப்பது தவறுதான்.

கோயிலையும் பள்ளிவாசலையும் எதிரே நிறுத்தாதீர்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிக்க நேர்ந்து, விரதத்துக்காகக் குடியை விடுகிறவருக்கு அந்த நேர்த்தி தருகிற தெம்பை எந்த ஆலோசகரும் தர முடியாது. காப்புக் கட்டுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய் வர வேண்டும், அவ்வளவுதான். அதைப் பூசாரியே சொன்னால் கேட்பார்கள். அவரோடு முதலில் பேசுங்கள். முஸ்லிம் ஊரில் மௌலவியோடு பேச வேண்டியது நோன்பைப் பற்றி. மனநல மருந்து எடுப்பவர்கள் நோன்பில் தாமாகவே நிறுத்திவிடுவது வழக்கம். பல மருந்துகளின் நேரத்தை ஸஹருக்கும் (விடியுமுன் உண்ணும் நேரம்) நோன்பு துறந்த பிறகுக்குமாக வைத்தியரிடம் கேட்டு மாற்றலாம். லித்தியம் என்ற மனநல மருந்தை எடுப்பவர் மட்டும் நோன்புக்கு முன்பே கட்டாயம் வைத்தியரைக் காண வேண்டும். நீர் குறைந்தால் அது இரத்தத்தில் ஏறிவிடும். குடி ஹராம் என்பதால் முஸ்லிம் குடும்பங்களில் விஷயம் இன்னும் ஆழமாக ஒளிந்திருக்கும். அங்கே பிரசங்கம் ஏற்கனவே நிறைய நடக்கிறது, நீங்களும் செய்ய வேண்டாம்.

ஐஸ் வேறு கதை. குடிப்பழக்கத்துக்கும் தூளுக்கும் (ஹெரோயின்) இருப்பதுபோல அதற்கென்று தனி மருந்து இல்லை. பேச்சுச் சிகிச்சைதான் பிரதானம். நாட்கணக்கில் தூங்காமல், யாரோ கொல்ல வருகிறார்கள் என்று பிள்ளை சொன்னால் அதற்கு ஆஸ்பத்திரியில் மருந்து உண்டு. விட்ட முதல் நாட்களில் மனம் அடியோடு விழும். வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்துப் போத்தலை அந்த நாட்களில் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். இலங்கையில் தற்கொலை முயற்சி 1998இலிருந்து குற்றமல்ல. பொலிசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதிக்க வேண்டாம்.

பொலிஸ் என்றதும் இன்னொன்று. நீங்கள் எழுதுகிற கொப்பியில் பெயர், தொலைபேசி, அடுத்த கிளினிக் நாள் இருந்தால் போதும். யாரிடம் வாங்கினான், எவ்வளவு வைத்திருந்தான் என்று கேட்காதீர்கள், எழுதாதீர்கள். பிரதேச செயலகமே பட்டியல் கேட்டாலும் எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள். முன்னாள் போராளிகளும் காணாமல் போனவர்களின் குடும்பங்களும் இருக்கிற மாவட்டம் இது. பெயர்ப் பட்டியல் என்றாலே ஆட்கள் ஒதுங்குவதற்கு இங்கே காரணம் உண்டு. ஆட்களைப் பிடித்து அடைத்து வைக்கும் மறுவாழ்வு முகாம்களை மூடும்படி ஐ.நா. அமைப்புகள் 2012இலேயே கூட்டாகக் கேட்டுக்கொண்டன. உங்கள் மண்டபம் அப்படிப்பட்ட இடத்துக்கு ஆள் சேர்க்கும் வாசல் என்ற கதை ஒருமுறை பரவினால், பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் எடுபடாது.

பயணத்துக்கு வருவோம். கல்முனை, அக்கரைப்பற்று ஆஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக் எந்நாள் என்று நேரில் போய்க் கேட்டு வாருங்கள். சங்கக் காசில் பாதியை பஸ், ஓட்டோச் செலவுக்கும், முதல் தடவை கூடப் போகிறவருக்கும் ஒதுக்குங்கள். மண்டபத்துக்குப் பெயின்ற் பிறகு அடிக்கலாம். விதைப்பு, அறுவடைக் காலத்தில் ஆண்கள் வயல் வாடியில்தான் (காவல் குடிசை) கிடப்பார்கள், குடியும் அங்கேதான். அந்த மாதங்களில் பின்னேரத்தில் நடத்துங்கள். அம்பாறை நகருக்கு அனுப்ப நேர்ந்தால் சிங்களம் தெரிந்த ஒரு பெரியவரைக் கூட அனுப்புங்கள். தகப்பனின் நோயைப் பள்ளிக்கூடப் பிள்ளை மொழிபெயர்க்கக் கூடாது. இரவில் அவசரமென்றால் 1926ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம், காசில்லை.

ஆறு மாதம் போனதும் எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் எண்ணாதீர்கள். இரண்டாம் தடவை வந்தவர் எத்தனை, அதில் பெண்கள் எத்தனை, எந்தக் குறிச்சியிலிருந்து ஒருவருமே வரவில்லை என்று பாருங்கள். உதாரணமாக, முஸ்லிம் ஊரிலிருந்து யாரும் வரவில்லை என்றால் அழைப்பிதழ் அச்சடித்து அனுப்புவதில் பயனில்லை. அந்த ஊர்ப் பெண்களிடம் போய், அவர்கள் நம்புகிற ஒருத்தியையும் ஒரு வீட்டையும் அவர்களையே தெரிவு செய்யச் சொல்லுங்கள். உங்கள் சங்கத்தின் பெயர் அங்கே வர வேண்டும் என்று நிற்காதீர்கள்.