தேயிலைப் பூவில் கேசரம், அடுக்கு ரோசாவில் இதழ்: ஏன் இந்த வேறுபாடு?

கேள்வி: கவாத்து வெட்டாமல் விட்ட தேயிலையில் பூக்கும் பூவில் சில வெள்ளை இதழ்களும் நடுவே ஏராளமான மஞ்சள் கேசரங்களும் இருக்கின்றன. எங்கள் வாசலில் உள்ள அடுக்கு ரோசாவிலோ இதழ்கள்தாம் நிறைய. கேசரங்களைத் தேட வேண்டியிருக்கிறது. பூவின் எல்லாக் கலங்களிலும் ஒரே மரபணுக்கள் என்று பாடசாலையில் படித்தோம். பிறகு பாகங்கள் எப்படி வேறுபடுகின்றன?
– வாசகி, பண்டாரவளை

பதில்: படித்தது சரிதான். வெளியிலிருந்து உள்ளே வட்டம் வட்டமாக அமையும் புல்லி, அல்லி (இதழ்), கேசரம், சூலகம் ஆகிய நான்கிலும் மரபணுத் தொகுதி ஒன்றே. அவற்றுள் எவை இயங்குகின்றன, எவை அடங்கிக் கிடக்கின்றன என்பதுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. இயங்கும் மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. பிரதிகள் உண்டாவதால், இளம் மொட்டை மெல்லிய சீவல்களாக வெட்டி, குறிப்பிட்ட ஆர்.என்.ஏ. உள்ள இடம் மட்டும் நிறமேறும்படி செய்தால், எந்த மரபணு எங்கே இயங்குகிறது என்பதை நுணுக்குக்காட்டியிலேயே பார்த்துவிடலாம்.

தாவர மரபியலாளர்களான என்ரிக்கோ கோயன், எலியட் மேயரோவிட்ஸ் ஆகிய இருவரும் 1991இல் இதற்கொரு விதியை முன்வைத்தனர். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடொப்சிஸ் என்னும் சிறு செடியிலும் அன்டிரைனம் என்னும் பூச்செடியிலும் கண்டவற்றைக் கொண்டு, மரபணுக்களை ஏ, பி, சி என மூன்று வகுப்புகளாக அவர்கள் பிரித்தனர். ஏ மட்டும் இயங்கும் வட்டம் புல்லியாகிறது. ஏயும் பியும் சேர்ந்தால் அல்லி, பியும் சியும் சேர்ந்தால் கேசரம், சி மட்டும் இயங்கினால் சூலகம். ஏயும் சியும் ஒன்றையொன்று விலக்குபவை, ஒன்று பின்வாங்கும் வட்டத்தில் மற்றது இயங்கும். (ஈ என்னும் இன்னொரு வகுப்பின் துணையும் தேவை என்பது பின்னர் தெரியவந்தது.) இந்த மரபணுக்கள் மேலாளர் போன்றவை, இதழில் நிறப்பொருளையும் கேசரத்தில் மகரந்தத்தையும் ஆக்கும் வேலையை அவற்றின் கீழுள்ள எத்தனையோ மரபணுக்களே செய்கின்றன.

உங்கள் ரோசாவுக்கு வருவோம். காட்டு ரோசாவுக்குப் பெரும்பாலும் 5 இதழ்களே. சி வகுப்பைச் சேர்ந்த அகமஸ் என்னும் மரபணுவுக்குக் கேசரத்தையும் சூலகத்தையும் உருவாக்குவதும், பூவின் வளர்ச்சியை நடுவில் முடித்துவைப்பதும் ஆக இரு பொறுப்புகள் உண்டு. அடுக்கு ரோசாவில் அது தொலைந்துவிடவில்லை. அது இயங்கும் பரப்பு பூவின் மையத்தை நோக்கிச் சுருங்கியிருக்கிறது. அதனால் கேசரம் தோன்றவேண்டிய வட்டங்களில் இதழ் தோன்றுகிறது. நன்றாக விரிந்த பூவொன்றின் உள்ளிதழ்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்: ஓரத்தில் மஞ்சள் மகரந்தப் பையின் துண்டு ஒட்டிய, பாதி இதழும் பாதி கேசரமுமான ஒன்று அகப்படக்கூடும். விதியை விளக்க அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

தேயிலையின் நெருங்கிய உறவான கமேலியாவிலும் அடுக்குப் பூக்கள் உண்டு. ஆனால் அங்கே சியின் எல்லை எல்லா வகைகளிலும் ஒரே விதமாக நகரவில்லை. சிலவற்றில் சுருங்கியும் சிலவற்றில் வெளிநோக்கி விரிந்தும் இருக்கிறது.