பிளாஷ் கேள்விகள்: தூரம் உங்கள் லென்ஸிலேயே இருக்கிறது

தைப்பூசம் முடிந்தது, பங்குனி உத்திரம் வரப்போகிறது, அதன் பின்னாலேயே கல்யாண மாதங்கள். அதனால் இந்த முறை சுங்கை சிப்புட்டுக்கு, லைக்கா, எப்சன் போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா (ஆளின் தூரத்தை அளந்து ஃபோகஸ் செய்யும் கேமரா) வைத்திருப்பவர்களிடமிருந்து வந்து சேர்ந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிளாஷ் பற்றியவைதான். ஒரே ஒரு வேண்டுகோள். எந்தக் கேமரா, எந்த லென்ஸ், எந்த பிளாஷ், ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்வு எண்) எவ்வளவு, ஆள் எவ்வளவு தூரத்தில் நின்றார் என்ற ஐந்தையும் எழுதுங்கள். "படம் வெள்ளையாகப் போகிறது, ஏன்?" என்று ஒரே வரியில் எழுதிய மூன்று பேருக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

லைக்கா எம்9-இல் நிக்கான் எஸ்பி-28 மாட்டினேன். டி.டி.எல். வேலை செய்யவில்லை. பிளாஷ் கெட்டுவிட்டதா? (பீடோர்)

கெடவில்லை. டி.டி.எல். என்பது லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தைக் கேமரா அளந்து பிளாஷுக்குச் சொல்லும் முறை. வேறு கம்பெனி பிளாஷை மாட்டினால் கேமரா தலையில் பிளாஷ் உட்காரும் ஷூவின் நடுப்புள்ளி வழியாக "இப்போது வெடி" என்ற ஒரு செய்திதான் போகும். மற்ற ஊசிகள் பேசும் பாஷை வேறு. டி.டி.எல்.லை மறந்துவிட்டு பிளாஷை 'ஏ'யில் (ஆட்டோ நிலையில்) வையுங்கள்.

'ஏ'யில் அளவு பார்ப்பது கேமரா இல்லை, பிளாஷின் முன்பக்கத்தில் இருக்கும் சின்னக் கண். ஆள் மேல் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தைப் பார்த்து, போதும் என்றதும் அது பிளாஷை நிறுத்திவிடும். ஐஎஸ்ஓவையும் அபெர்ச்சரையும் (லென்ஸ் துளையின் அளவு, எஃப் எண்) பிளாஷில் வையுங்கள், அதே எண்களைக் கேமராவிலும் லென்ஸிலும் வையுங்கள். என்ன லென்ஸ் மாட்டியிருக்கிறீர்கள் என்பதும் பிளாஷுக்குத் தெரியாது, ஆகவே பிளாஷ் தலையின் ஜூமை லென்ஸுக்கு ஏற்ப நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தலையைக் கூரைப் பக்கம் திருப்பினாலும் கண் ஆளைப் பார்த்தபடியே இருக்கும், வெளிச்சத்தைக் கூரையிலோ சுவரிலோ அடித்துத் திருப்பும் பவுன்ஸுக்கு அது பெரிய வசதி. விரல் மட்டும் அதை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நானும் 'ஏ'யில்தான் எடுக்கிறேன். ஒரு படம் சரி, அடுத்த படம் வெளுப்பு, அதற்கடுத்தது இருட்டு. (தாப்பா)

கேமராவில் ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், தம்பி. பிளாஷில் 160 என்று வைத்திருப்பீர்கள். கேமரா தன் இஷ்டத்துக்கு 640-க்கு ஏறியிருக்கும். அது பிளாஷுக்கு எப்படித் தெரியும்? பிளாஷ் மாட்டினால் ஆட்டோ ஐஎஸ்ஓ கூடாது. இதை எத்தனை தடவை எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை, இன்னும் எழுதத்தான் போகிறேன்.

படத்தின் ஒரு பகுதி மட்டும் கறுப்புப் பட்டையாக வருகிறது.

ஷட்டர் வேகம் கூடிப்போய்விட்டது. பிளாஷோடு போகக்கூடிய உச்ச வேகம் லைக்கா எம்8-இல் 1/250 நொடி, எம்9-இல் 1/180, எப்சன் ஆர்-டி1-இல் 1/125. அதற்கு மேல் போனால் ஷட்டர் முழுதாகத் திறந்திருக்கும் நேரமே இருக்காது. எம்8, எம்9 டயலில் மின்னல் குறி இருக்கிறது, அங்கே வையுங்கள். வேறு கம்பெனி பிளாஷ் மாட்டியிருக்கும்போது ஷட்டர் டயலை 'ஏ'யில் விடாதீர்கள். அது பிளாஷின் 'ஏ' இல்லை, கேமராவே வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் நிலை.

மேனுவல் பிளாஷ் என்றாலே பயமாக இருக்கிறது. மீட்டர் வாங்க வேண்டுமா? (சுங்கைப் பட்டாணி)

வேண்டாம். மற்ற கேமராக்காரர்கள் மீட்டர் வாங்கட்டும், உங்கள் கையில் இருப்பது ரேஞ்ச்ஃபைண்டர். ஃபோகஸ் செய்து முடித்த அந்தக் கணமே ஆளின் தூரம் லென்ஸ் வளையத்தில் மீட்டரிலும் அடியிலும் வந்து நிற்கிறது. அதைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்துக் கேமரா வாங்கிவிட்டு அதில் எழுதியிருப்பதைப் படிக்காமல் இருந்தால் எப்படி?

கணக்கு ஒன்றுதான். பிளாஷின் கைடு நம்பரை, அதாவது அதன் பலத்தைச் சொல்லும் எண்ணை, தூரத்தால் வகுத்தால் அபெர்ச்சர் வரும். எஸ்பி-28-இன் கைடு நம்பர், தலை 35 மில்லிமீட்டரில் இருக்கும்போது, ஐஎஸ்ஓ 100-க்கு மீட்டர் கணக்கில் 36. ஆள் 3 மீட்டரில் நின்றால் 12 வரும், எஃப் 11 வையுங்கள். பவரை கால்வாசியாக்கினால் கைடு நம்பர் பாதியாகும்: 18-ஐ 3-ஆல் வகுத்தால் 6, அதாவது எஃப் 5.6. பதினாறில் ஒரு பங்கு என்றால் கைடு நம்பர் 9, எஃப் 2.8. ஐஎஸ்ஓவை நான்கு மடங்காக்கினால் கைடு நம்பர் இரட்டிப்பாகும். இந்த நாலைந்து எண்களை ஒரு ஸ்டிக்கரில் எழுதி பிளாஷின் முதுகில் ஒட்டிவிட்டால் போதும். என் பிளாஷில் ஒட்டிய தாள் வேர்வையில் மூன்று முறை அழிந்து, இப்போது நாலாவது ஒட்டியிருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. கைடு நம்பர் வீட்டுக்குள் நாலு சுவருக்கு நடுவே அளந்த எண். ராத்திரியில் தோட்டத்துத் திடலில் நின்று எடுத்தால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சுவரே இல்லை. அங்கே ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரட்டிப்பாகும் அளவு) கூடுதலாகத் திறந்துகொள்ளுங்கள். மீட்டரையும் அடியையும் கலந்துவிடாதீர்கள். பழைய பிளாஷ்களில் கைடு நம்பர் 120 என்று போட்டிருந்தால் அது அடிக்கணக்கு.

கல்யாணப் படம் எடுக்கிறேன். பெண் கொஞ்சம் கறுப்பு. பிளாஷை எத்தனை ஸ்டாப் கூட்டினால் முகம் வெளுப்பாக வரும்? (தெலுக் இந்தான்)

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. ஒவ்வொரு கல்யாண மாதத்திலும் யாராவது ஒருவர் கேட்கிறார். வெளுப்பாக்கும் வழியை நான் சொல்லித்தர மாட்டேன். அந்தப் பெண்ணின் முகத்தை அவள் முகமாகவே எடுப்பது எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் ஏன் இப்படி ஆகிறது என்று பாருங்கள். 'ஏ'யில் இருக்கும் பிளாஷின் கண்ணுக்கு உலகமே சாம்பல் நிறம். எதைப் பார்த்தாலும் சுமார் 18 சதவீதம் திருப்பி அனுப்பும் பொருள் என்றே நினைத்துக்கொள்கிறது. மாப்பிள்ளையும் மாமன் மச்சான்களும் வெள்ளை வேட்டி சட்டையில் வரிசையாக நின்றால், ஐயோ வெளிச்சம் அதிகம் என்று சீக்கிரமே நிறுத்திவிடும். வேட்டி சாம்பலாகும், முகங்கள் கரியாகும். அதே ஆட்களைக் கறுப்புத் திரைக்கு முன்னால் நிறுத்தினால் வெளிச்சத்தைக் கொட்டும், நெற்றி வெந்துபோகும். இரண்டிலும் குற்றம் தோல் மேல் இல்லை. வேட்டியைப் பார்த்து ஏமாந்தது அந்தக் கண். ஆனால் படம் கைக்கு வந்ததும் "பொண்ணு கறுப்பு, அதான்" என்கிறோம்.

மேனுவலில் இந்தச் சங்கடமே கிடையாது. 3 மீட்டரில் நிற்பவர் மேல் விழும் வெளிச்சம், அவர் வேட்டி கட்டியிருந்தாலும் கறுப்புக் கோட்டு போட்டிருந்தாலும், சிவப்பாக இருந்தாலும் கறுப்பாக இருந்தாலும் ஒன்றுதான். வேட்டி வேட்டியாக வரும், மாநிறம் மாநிறமாக வரும். மணவறைக்கு முன்னால் உங்கள் இடம் பெரும்பாலும் மாறாது. ஒரு தடவை தூரம் படித்து, ஒரு தடவை அபெர்ச்சர் வைத்தால் தாலி கட்டும் வரை கையை எடுக்க வேண்டியதில்லை. நல்ல கறுப்பு முகத்துக்கு நான் கணக்கைவிட அரை ஸ்டாப் கூடக் கொடுப்பேன். அது வெளுக்க வைப்பதற்காக இல்லை. கண்ணுக்குக் கீழேயும் தாடையோரத்திலும் இருக்கும் விவரம் நிழலில் முங்காமல் இருப்பதற்காக. 'ஏ'யில்தான் எடுப்பேன் என்றால், வேட்டிக் கூட்டத்துக்கு லென்ஸில் எஃப் 5.6 வைத்து பிளாஷில் எஃப் 8 என்று சொல்லுங்கள். ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுக்கும்.

அடுத்தது பளபளப்பு. நேருக்கு நேர் அடித்தால், பிளாஷின் சின்ன முகப்பு சின்னதாகவே வேர்த்த நெற்றியில் பிரதிபலித்து வெள்ளைப் புள்ளியாகிவிடும். பவுடரை அப்பினால் இது போகாது. வெளிச்சம் வரும் பரப்பைப் பெரிதாக்க வேண்டும். நம் டேவானில், அதாவது மண்டபத்தில், கூரை உயரம், அதுவும் தகரம், பவுன்ஸ் சரிப்படாது. பக்கத்தில் வெள்ளைச் சுவர் இருந்தால் அதில் அடியுங்கள். இல்லாவிட்டால் ஒரு வெள்ளை மணிலா அட்டையைத் தலைக்குப் பின்னால் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்டாப் போகும், போகட்டும். கறுப்புத் தோலில் அப்போது விழும் வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கன்னத்து எலும்பில் தொடங்கி, மூக்குத்தியில் ஒரு பொட்டாக நின்று, தாடையில் மெதுவாக அடங்கும். வெளுத்த படத்தில் இது எதுவும் இருக்காது.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். அவரையும் அப்பாவையும் சேர்த்து எடுத்த அறுபதாம் கல்யாணப் படத்தை ஒரு ஸ்டூடியோ வெளுக்கவைத்துக் கொடுத்தது. அம்மா அதைக் கையில் வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இது யாருப்பா?" என்றார். சட்டம் போட்ட அந்தப் படத்தை வீட்டில் கடைசி வரை மாட்டவே இல்லை. ஆகவே தம்பி, எத்தனை ஸ்டாப் கூட்டலாம் என்று இனிமேல் என்னிடம் கேட்காதீர்கள். அந்தப் பெண் எவ்வளவு தூரத்தில் நின்றாள் என்று எழுதுங்கள், எண்ணோடு பதில் சொல்கிறேன்.

தாத்தாவின் விவிடார் 283 அலமாரியில் கிடைத்தது. எம்8-இல் மாட்டலாமா?

வோல்ட் அளக்காமல் மாட்டக் கூடாது. பழைய 283-களில் சிலவற்றின் ஷூ முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பின்னால் வந்தவற்றில் பத்துச் சொச்சம்தான். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பேட்டரி போட்டு, விளக்கு எரிந்ததும், மல்டிமீட்டரின் ஒரு முனையை அடிப்புள்ளியிலும் மறுமுனையைப் பக்கத் தகட்டிலும் வைத்துப் பாருங்கள். அதிகமாகக் காட்டினால் கேமராவில் வைக்காதீர்கள். பாசார் மாலாமில் (ராத்திரிச் சந்தையில்) நாற்பது வெள்ளிக்கு வாங்கிய பிளாஷுக்கும் இதே விதிதான். உள்ளே திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம், கெப்பாசிட்டர் அணைத்த பிறகும் ஆளைத் தூக்கி அடிக்கும்.

எம்8-இல் மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு ஊதாவாக வருகிறது. பிளாஷ் கோளாறா? (ஈப்போ)

இல்லை. 2006-இல் வந்த எம்8-இன் சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி மெல்லியது, அகச்சிவப்புக் கதிரை விட்டுவிடும். செயற்கை நூல் கலந்த கறுப்புத் துணி அதைத் திருப்பி அனுப்புகிறது. லென்ஸ் முன்னால் அந்தக் கதிரைத் தடுக்கும் யூ.வி.-ஐ.ஆர். கட் ஃபில்டர் போடுங்கள். கம்ப்யூட்டரில் திருத்தப் போனால் சேலையின் நிறமும் சேர்ந்து கெடும்.

21 மில்லிமீட்டர் லென்ஸுக்கு வெளி வியூஃபைண்டர் வைத்தால் பிளாஷ் எங்கே வைப்பது?

இரண்டுக்கும் ஒரே ஷூதான். எம்8, எம்9-இல் பக்கத்தில் பிளாஷ் கம்பி செருகும் சிங்க் துளையும் இல்லை. உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் இரண்டு படம் எடுத்துப் பார்த்து ஃபிரேமைப் பழகிக்கொண்டு, வியூஃபைண்டரைக் கழற்றிவிட்டு பிளாஷை வையுங்கள்.

ஈப்போ கல்லுமலைக் கோயிலில் ராத்திரிக் காவடியைப் படம் எடுத்தேன். ஆள் தெரிகிறார், பின்னால் ஒரே இருட்டு. பங்குனி உத்திரத்துக்கு மாரான் கோயிலுக்கும் போகிறேன், என்ன செய்வது?

1/180-இல் எடுத்திருப்பீர்கள். பிளாஷ் இல்லாத இடம் அந்த வேகத்தில் இருட்டாகத்தான் வரும். 1/15-க்கு இறங்குங்கள். ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிட்டு, கைடு நம்பர் 36 பிளாஷைப் பதினாறில் ஒரு பங்கில் வையுங்கள். காவடிக்காரர் 3 மீட்டருக்கு வரும்போது அழுத்துங்கள். மெனுவில் பின்திரை சிங்க் (ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன் பிளாஷ் வெடிப்பது) இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் மயிலிறகின் ஆட்டம் ஆளுக்குப் பின்னால் கோடாக விழும், முன்னால் விழாது. இன்னொரு நன்மை ரேஞ்ச்ஃபைண்டருக்கே உரியது: கண்ணாடி எழும்பி மறைக்காததால், பிளாஷ் வெடித்த கணத்தில் அவர் கண் திறந்திருந்ததா என்று நீங்களே பார்க்கலாம்.

தீமிதிக்குப் போனால் இன்னும் குறையுங்கள். தணலின் சிவப்பைப் பிளாஷ் கொன்றுவிடும். அருள் வந்து நிற்பவரின் முகத்துக்கு நேரே ஒரு முழம் தள்ளி நின்று அடிக்காதீர்கள். கருவறைப் பக்கம் பிளாஷே வேண்டாம்.

மத்தியான வெயிலில் தொப்பி நிழல் முகத்தில் விழுகிறது.

ஐஎஸ்ஓ 160, 1/180, எஃப் 16. பிளாஷை 'ஏ'யில் வைத்து எஃப் 11 என்று சொல்லுங்கள். ஒரு ஸ்டாப் குறைவாக நிரப்பும், நிழல் நிழலாகவே இருக்கும், கண் தெரியும். எஃப் 2-இல் எடுக்க வேண்டுமானால் ஆறு ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் வேண்டும். அப்போது பிளாஷும் ஆறு ஸ்டாப் இழக்கும், 'ஏ'யை நம்பாதீர்கள்.

பிளாஷ் திரும்ப ஏற ரொம்ப நேரம் ஆகிறது. (ரவாங்)

என்ன பேட்டரி என்று எழுதவில்லை. சாதாரண அல்கலைன் என்றுதான் நினைக்கிறேன். என்.ஐ.எம்.ஹெச். ரீசார்ஜ் பேட்டரி இரண்டு செட் வாங்குங்கள். 1.2 வோல்ட்தான் என்றாலும் அல்கலைனைவிட வேகமாக ஏற்றும். ஒரு வருஷம் பெட்டியில் கிடந்த பிளாஷாக இருந்தால், போட்டு அஞ்சு நிமிஷம் விட்டுவிட்டு, முழுப் பவரில் பத்துத் தடவை நிதானமாக அடியுங்கள். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் கசிந்த பேட்டரி, ஸ்பிரிங்கை ஒரே மழைக்காலத்தில் பச்சையாக்கிவிடும்.