பலர் முன்னிலையில் ஒருவரைப் பாராட்ட ‘குட்’, ‘சூப்பர்’, ‘கங்கிராட்ஸ்’ தவிர ஆங்கிலத்தில் வேறு என்ன சொற்கள் இருக்கின்றன?

சொற்கள் நிறையவே இருக்கின்றன. ஆனால் அகராதியில் எல்லாவற்றுக்கும் ‘பாராட்டு’ என்றே போட்டிருந்தாலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. யார் யாரைப் பாராட்டுகிறார்கள், எதற்காக, வாயால் சொல்கிறார்களா எழுதுகிறார்களா, இதைப் பார்த்துத்தான் சொல்லை எடுக்க வேண்டும்.

முதலில் நீங்கள் ஒதுக்கிவைத்த கங்கிராட்ஸையே பார்த்துவிடுவோம், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகமாக இடம் மாற்றிப் போடுவது இதைத்தான். தமிழில் எல்லாவற்றுக்கும் ‘வாழ்த்துகள்’ சொல்லிப் பழகிவிட்டோம். கங்கிராஜுலேஷன்ஸ் என்பது ஒருவருக்கு நல்லது ஒன்று கிடைத்ததற்குச் சொல்வது: வேலை, பட்டம், பதவி உயர்வு, கல்யாணம், குழந்தை. புயலன்று ராத்திரி முழுக்க மழையில் நின்று கரண்ட் வரவைத்த லைன்மேனுக்கு அதைச் சொன்னால் ஒட்டாது. அவருக்கு என்ன கிடைத்தது? அவர்தான் நமக்குக் கொடுத்திருக்கிறார். அங்கே ‘வெல் டன்’ சொல்லலாம், ‘ஹேட்ஸ் ஆஃப்’ சொல்லலாம், ‘கூடோஸ்’ சொல்லலாம்.

கூடோஸ் கிரேக்கச் சொல், புகழ் என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் பல்கலைக்கழக மாணவர்களின் பேச்சு வழக்காக ஆங்கிலத்துக்குள் வந்தது, அந்த லேசான தன்மை இன்னும் போகவில்லை. அதனால் ‘கூடோஸ் டு த டீம்’ என்று அலுவலகக் குழுவில் போட மிகவும் பொருத்தம், ஓய்வு பெறுகிறவருக்கு வாசிக்கும் பாராட்டுரையில் போட்டால் மெலிந்து தெரியும். கடைசியில் இருக்கும் ‘ஸ்’ பன்மை இல்லை. ‘ஒரு கூடோ’ என்று சிலர் எழுதுவது பிற்காலத்தில் முளைத்தது, முறையான கடிதத்தில் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது ‘கமெண்டேஷன்’, ‘கமெண்டபிள்’. (வினைச்சொல்லைத் தமிழில் எழுதினால் பின்னூட்டம் போடும் கமெண்ட் மாதிரி ஆகிவிடும், ஆகவே விட்டுவிடுகிறேன்.) இந்தச் சொல் பெரும்பாலும் மேலிருந்து கீழேதான் வரும். இந்திய ராணுவத்தில் தலைமைத் தளபதி வீரர்களுக்குத் தருவது கமெண்டேஷன் கார்டு. தலைமை ஆசிரியர் ஓர் ஆசிரியரிடம் ‘யுவர் வொர்க் இஸ் கமெண்டபிள்’ என்றால் சரி, அதே வாக்கியத்தை ஆசிரியர் அவரிடம் சொன்னால் மதிப்பெண் போடுகிற தொனி வந்துவிடும். ‘குட் ஜாப்’பும் அப்படித்தான், மேனேஜரைப் பார்த்துச் சொல்லாதீர்கள். பெரியவர்களைப் பாராட்ட ‘ஐ ரியலி அட்மயர் த வே யூ ஹேண்டில்ட் இட்’ என்று நம் பக்கத்திலிருந்து சொல்வதுதான் மரியாதை.

‘அக்ளெய்ம்’, ‘லாட்’, ‘அக்கலேட்’ மூன்றும் செய்தித்தாள் சொற்கள். லாட் மூன்றாம் மனிதரைப் பற்றி எழுதுவதற்கு, அதிலும் எழுத்து குறைவு என்பதால் தலைப்புக்காரர்களுக்குப் பிடித்த சொல். ஒருவர் முகத்தைப் பார்த்து ‘ஐ லாட் யூ’ என்று யாரும் சொல்வதில்லை. அக்கலேட் ஒரு காலத்தில் ஒருவருக்கு ‘நைட்’ என்ற வீரர் பட்டம் கொடுக்கும்போது கழுத்தைக் கட்டி அணைக்கும் சடங்கு, இப்போது விருது, கௌரவம் என்ற அளவில் நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தவை மேடையைச் சுற்றி வந்த சொற்கள். ‘ப்ளாடிட்ஸ்’ என்பது, பழைய ரோமில் நாடகம் முடிந்ததும் நடிகர்கள் ‘கைதட்டுங்கள்’ என்று கேட்டுக்கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இன்று வெடிப்பதற்குச் சொல்லும் ‘எக்ஸ்ப்ளோட்’ கூட அதே வேர்தான், மோசமான நடிகரைக் கைதட்டியே மேடையை விட்டுத் துரத்துவதற்கு அந்தப் பெயர். ‘ஓவேஷன்’ கதை இன்னும் சுவையானது. போரில் வென்ற தளபதிக்கு ரோமில் நடத்தும் பெரிய ஊர்வலம் ட்ரையம்ஃப், நான்கு குதிரை பூட்டிய ரதத்தில் வருவார். அந்த அளவுக்குத் தகுதியில்லை என்றால் ஓவேஷன், நடந்தோ குதிரையிலோதான் வர வேண்டும். ஸ்பார்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகளின் கிளர்ச்சியை கி.மு. 71இல் அடக்கிய ரோமானியத் தளபதி கிராசஸுக்கு, எதிரிகள் அடிமைகள்தானே என்று, ஓவேஷன்தான் கிடைத்தது. அப்படி இரண்டாம் தரமாக இருந்தது இன்று ‘ஸ்டாண்டிங் ஓவேஷன்’ ஆகி, அரங்கமே எழுந்து நின்று கைதட்டும் உச்ச மரியாதைக்குப் பெயராகிவிட்டது. இந்தச் சொல்லை மலிவாக்காதீர்கள், பத்துப் பேர் கைதட்டினால் அது ‘அப்ளாஸ்’, அவ்வளவுதான்.

‘பிராவோ’ இத்தாலியச் சொல். அவர்கள் ஆணுக்கு பிராவோ, பெண்ணுக்கு பிராவா, பலருக்கு பிராவி என்பார்கள், பொதுவான ஆங்கிலப் பேச்சில் எல்லோருக்கும் பிராவோதான். பாட்டை மறுபடி கேட்க ஆங்கிலேயர் கத்தும் ‘ஆன்கோர்’ பிரெஞ்சுச் சொல், ஆனால் பிரெஞ்சுக்காரர்களோ ‘பிஸ்’ என்று கத்துவார்கள். நம் நாடகக் கொட்டகையில் எழுந்ததோ ஆங்கில ‘ஒன்ஸ்மோர்’! பாராட்டும் வேகத்தில் எல்லோருக்குமே பக்கத்து மொழிதான் வாயில் வருகிறது போல (நம் ‘சபாஷ்’ பாரசீகம்).

பேசுகிறவரை ஆமோதிக்க ‘ஹியர், ஹியர்’ இருக்கிறது. பிரிட்டன் நாடாளுமன்றத்தில் பிறந்தது. அங்கே கைதட்டுவது மரபில்லை, 2015இல் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி உறுப்பினர்கள் கைதட்டியபோது சபாநாயகர் கண்டித்தார். எழுதும்போது காதால் கேட்கும் ஹியர், இங்கே என்று பொருள்படும் ஹியர் இல்லை. இணையத்தில் பாதிப் பேர் இதைத் தப்பாக எழுதுகிறார்கள்.

அப்புறம் ஒன்று, எந்தச் சொல்லை எடுத்தாலும் அதற்குப் பின்னால் ‘ஃபார்’ போட்டு அந்த ஆள் செய்த வேலையை எழுதுங்கள். ‘கூடோஸ் டு மீனா’ என்று மட்டும் போட்டால் குழுவில் இருக்கிற மற்றவர்களுக்கு ஒன்றும் புரியாது. ‘கூடோஸ் டு மீனா ஃபார் ஃபிக்ஸிங் த பில்லிங் எரர் பிஃபோர் இட் ரீச்ட் த கஸ்டமர்’ என்று போட்டால், அந்தப் பிழையை யார் பிடித்தார் என்று மேலே இருக்கிறவர்களுக்கும் தெரியும், அடுத்த சம்பள உயர்வுப் பேச்சில் அவர் எடுத்துக் காட்டவும் ஓர் ஆதாரம் இருக்கும்.