ஆறே வறண்டு கிடக்கிறது, எதை அளப்பது?

கேள்வி: பள்ளிகொண்டா பக்கம் பாலாற்றங்கரை ஊர் எங்களுடையது. மகளிர் குழுவில் 12 பேர் ஆற்றைக் கண்காணிக்கப் பழக நினைக்கிறோம். பெரும்பாலோர் பத்தாவது வரை படித்தவர்கள். ஆற்றிலோ பாதி நாள் தண்ணீரே கிடையாது. எங்கே தொடங்குவது? நாங்கள் எழுதும் கணக்கை யாராவது மதிப்பார்களா?

பதில்: கிணற்றில் தொடங்குங்கள். பாலாறு மணலுக்கு அடியில் ஓடுகிற ஆறு. மணலைக் கீறி ஊற்றுக்கால்வாய் எடுத்துப் பயிர் செய்த ஊர்கள் உங்களுடையவை. கரையோரக் கிணற்று நீர்தான் இன்றைக்கு உங்கள் கண்ணில் படும் ஆறு.

கரையை ஒட்டி ஐந்தாறு கிணறுகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் விளிம்பிலும் பெயின்டால் ஒரு குறி போடுங்கள். அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி, அந்தக் குறியிலிருந்தே இறக்கி நீர்மட்டத்தை அளக்க வேண்டும். மோட்டார் போடுவதற்கு முன், விடியற்காலையில். மாதம் இருமுறை போதும். தினமும் அளக்கிறேன் என்று கிளம்பிய குழுக்கள் மூன்றாம் வாரமே ஓய்ந்துவிடும்.

அடுத்தது டிடிஎஸ் மீட்டர். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் சிறு கருவி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பாட்டிலை, அளக்கப்போகும் தண்ணீரிலேயே மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். போர்வெல் என்றால் சிறிது நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள். பல மீட்டர்களில் 999-ஐத் தாண்டினால் திரையில் ‘×10’ என்று வரும். அதைக் கவனிக்காமல் 2,400-ஐ 240 என்று எழுதிவிட்டால் மொத்தக் கணக்கும் கெட்டுவிடும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை சரி. வேறு ஆதாரமே இல்லாவிட்டால் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு.

தோல் தொழிற்சாலைக்கு வரும் தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு, அங்கே தோலை ஊறவைத்துக் கழுவும் தண்ணீரோடு நிலத்தில் இறங்குவது டிடிஎஸ்ஸில் தெரியும். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் என்ற உலோகத்தையோ சாக்கடைக் கிருமியையோ அந்த மீட்டர் காட்டாது. குளோரைடு, நைட்ரேட் போன்றவற்றுக்கு ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சியும் சோதனைப் பெட்டியும் தர ஏற்பாடு உண்டு. பெட்டி எங்கே என்று ஊராட்சியில் கேளுங்கள். பீரோவில் பூட்டியிருக்கலாம்! குரோமியத்துக்குக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தை விசாரியுங்கள்.

மதிப்பார்களா என்ற கேள்விக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். 1974 தண்ணீர்ச் சட்டப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முறைப்படி எடுத்த மாதிரிதான் வழக்கில் செல்லும். உங்கள் நோட்டு சாட்சியம் ஆகாது. ஆனால் எந்தக் கிணற்றில், எந்த மழைக்குப் பிறகு உப்பு ஏறுகிறது என்று அதிகாரிக்கு அது காட்டிக்கொடுக்கும். ‘தண்ணி கெட்டுப்போச்சு’ என்ற மனுவைவிட, தேதியோடு ஆறு மாத எண்கள் உள்ள மனுவை ஒதுக்குவது கடினம். தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் போட்ட வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

சீரமைப்புக்கு, கணியம்பாடி பக்கம் நாகநதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் கட்டிய உறைகிணறுகளை நேரில் போய்ப் பாருங்கள். ஓடையில் வரும் மழைநீரை நிலத்துக்குள் இறக்குபவை அவை. ஆனால் கழிவு கலந்து வரும் கால்வாயில் மட்டும் அதைக் கட்டிவிடாதீர்கள். அழுக்கை நீங்களே நிலத்தடிக்கு அனுப்பியதாகிவிடும். இடம் பார்க்கும்போது அந்த டிடிஎஸ் மீட்டரையும் கையோடு கொண்டுபோங்கள்.