சாட்சியுள்ள ஜீவியம்: ஓய்வுபெற்ற சேகரகுருவிடம் கேள்வி பதில்

கேள்விகள் அனுப்பிய அனைவருக்கும் ஸ்தோத்திரம். பிறர் முன்பாகச் சாட்சியோடு, அதாவது நம் விசுவாசம் நடத்தையில் தெரியும்படி, வாழ்வது பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி (நாகர்கோவில், வங்கி ஊழியர்): ஐயா, அலுவலகத்தில் நான் ஒருவன்தான் கிறிஸ்தவன். மேசையில் வசன அட்டை வைத்திருக்கிறேன். வேறு எப்படிச் சாட்சியாக இருப்பது?

பதில்: அட்டை இருக்கட்டும் தம்பி. ஆனால் அதைப் பார்த்து யாரும் உங்களை எடைபோடுவதில்லை. கைமாற்று வாங்கினால் சொன்ன தேதியில் தருகிறீர்களா, தவறு நடந்தால் பழியைக் கீழே இருப்பவர் தலையில் போடுகிறீர்களா என்றுதான் பார்க்கிறார்கள்.

தஞ்சாவூரில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரைப் பாருங்கள். 1779இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அரசாங்கம் அவரை மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் தூது அனுப்பியது. கம்பெனியாரை நம்பாத ஹைதர் இவரை நம்பினார். வழிச்செலவுக்கு ஹைதர் கொடுத்த பணத்தை இவர் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை; பள்ளிக்கூடத்துக்குப் போனது. பிறகு போர் வந்து தஞ்சைக் கோட்டை பட்டினி கிடந்தது. முன்பு கொடுத்த நெல்லுக்கே பணம் வராததால் குடியானவர்கள் யார் கேட்டும் அசையவில்லை. 'பணத்துக்கு நான் பொறுப்பு' என்று சுவார்ட்ஸ் சொன்னதும் நெல் வந்தது. சொன்னபடி பணத்தையும் கொடுத்துத் தீர்த்தார். அவர் 1798இல் இறந்தபின் தஞ்சை மன்னர் சரபோஜி லண்டனிலிருந்து பளிங்குச் சிற்பம் வரவழைத்துத் தஞ்சையிலுள்ள கிறிஸ்தவ ஆலயத்தில் வைத்தார். படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையை மன்னர் பிடித்திருப்பதை இன்றும் அங்கே பார்க்கலாம். மன்னர் கடைசிவரை இந்துவாகவே இருந்தார். அவர் மனத்தில் நின்றது சுவார்ட்ஸின் வாக்கு. பணத்தில் வாக்குத் தவறாதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

கேள்வி (தூத்துக்குடி): பக்கத்து வீட்டார் தரும் தீபாவளிப் பலகாரத்தை வாங்கலாமா?

பதில்: நன்றி சொல்லி வாங்குங்கள் அம்மா. 1 கொரிந்தியர் 10:27 ஒன்றையும் விசாரிக்காமல் புசிக்கச் சொல்கிறது. படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் மட்டும், அவருடைய மனச்சாட்சிக்காக வேண்டாம் என்கிறது அடுத்த வசனம். கிறிஸ்துமஸுக்கு நீங்களும் கொடுத்தனுப்புங்கள்.

கேள்வி (கோவில்பட்டி, கடை உரிமையாளர்): வேலையாட்களுக்குத் தினமும் காலை ஜெபம் நடத்தலாமா?

பதில்: சம்பளம் பாக்கி இருக்கிறதா? இருந்தால் முதலில் அதைத் தீருங்கள். பொழுது போகுமுன்னே கூலியைக் கொடு என்கிறது உபாகமம் 24. நான் ஊழியம் செய்த ஒரு சபையில் ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது, கொத்தனார் ஒருவர் வாசலில் கூலி நோட்டைப் பிரித்துப் பிடித்தபடி நின்றார். அவருக்குத் தரவேண்டியவருடைய பெயர் அன்று காணிக்கைப் பட்டியலில் முதலாவதாக வாசிக்கப்பட்டிருந்தது. அந்த ஊரில் அதற்குப் பிறகு எந்தச் சுவிசேஷக் கூட்டமும் எடுபடவில்லை. ஜெபம் நடத்துங்கள், ஆனால் வேலை நேரத்துக்கு வெளியே. விரும்பியவர் மட்டும் வரட்டும். முதலாளி கூப்பிட்டால் வேலையாள் மறுக்க முடியாது.

கேள்வி (சாத்தான்குளம்): ஆயுதபூஜைப் பொரி வாங்கலாமா?

பதில்: மேலே தூத்துக்குடிச் சகோதரிக்குச் சொன்னதுதான்.

கேள்வி (ஊர் வேண்டாம்): கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். 1 பேதுரு 3:1இன்படி பொறுத்துக்கொண்டால் அவர் மனந்திரும்புவாரா?

பதில்: மகளே, அந்த வசனம் நல்ல நடக்கையைப் பற்றியது. அடி வாங்கச் சொல்லவில்லை. இன்றே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். மகளிர் உதவி எண் 181க்கு அழையுங்கள். பொறுத்துப்போகச் சொல்லும் போதகர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

கேள்வி (பாளையங்கோட்டை): மகளுக்கு வரன் பார்க்கிறோம். நம் சமூகத்திலேயே விசுவாசியாகக் கேட்பதில் என்ன தவறு?

பதில்: வேறு சமூகத்தில் நல்ல விசுவாசி வந்தால் கொடுப்பீர்களா? மாட்டீர்கள் என்றால், உங்களுக்கு முதலில் சாதி, பிறகுதான் விசுவாசம். உங்கள் இந்து நண்பருக்கு இது நன்றாகத் தெரியும்.

மறுப்பு (தஞ்சாவூர்): சுவார்ட்ஸைப் புகழ்ந்தீர்கள். அவர் காலத்துச் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்களே? அவரே அனுமதித்ததை நீங்கள் ஏன் கண்டிக்கிறீர்கள்?

பதில்: உண்மை. மெல்ல மெல்ல மாறும் என்று நம்பி விட்டுவைத்தார்; மாறவில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடே கூடாது என்று உத்தரவிட்டபோது தஞ்சையில் பலர் சபையை விட்டே விலகினார்கள். சுவார்ட்ஸின் நேர்மையைப் பின்பற்றுங்கள். அவர் விட்டுவைத்ததைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் ஒளியாதீர்கள்.

மறுப்பு (திருச்சி): இது சமூக வழக்கம். இரட்சிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பதில்: கலாத்தியர் 2ஐ எடுங்கள். அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளோடு பந்தியில் உட்கார்ந்திருந்தார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். வெறும் சாப்பாட்டு வழக்கம் என்று பவுல் விட்டாரா? எல்லாருக்கும் முன்பாக, முகமுகமாக எதிர்த்தார். 'சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி' நடக்கவில்லை என்றார். பவுலின் உடனூழியர் பர்னபாவும் அந்த மாயத்தில் இழுபட்டதைக் கவனியுங்கள். பெரியவர் ஒருவர் விலகினால் பின்னால் பத்துப் பேர் விலகுவார்கள். கெட்ட மாதிரியின் வேலை அதுதான். நம் அசனப் பண்டிகையில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். மறுநாள் சம்பந்தம் பேசும்போது மட்டும் அந்தப் பந்தி எங்கே போகிறது?

வாசகர் (மதுரை): நான் இந்து. 'ஒரே மந்தை' என்று நண்பரின் சபையில் பிரசங்கம் கேட்டேன். அடுத்த வாரம் அடக்கத்துக்குப் போனபோது கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கம் இருந்தது.

பதில்: ஐயா, நீங்கள் கண்டது உண்மை, அதற்கு எங்களிடம் நியாயம் இல்லை. பாளையங்கோட்டைக்காரரும் திருச்சிக்காரரும் இதை இரண்டு முறை வாசிக்கட்டும்.

கேள்வி (இராஜபாளையம்): கோவில் கொடைப் பொங்கலை வாங்கலாமா?

பதில்: மூன்றாவது முறை! 1 கொரிந்தியர் 10, முழு அதிகாரம். தட்டில் இருப்பதைப் பற்றி இத்தனை பேர் கேட்கிறீர்கள். கூலி பாக்கியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

கேள்வி (கல்லூரி மாணவர்): தேர்வில் எல்லாரும் பார்த்து எழுதுகிறார்கள்.

பதில்: நீங்கள் எழுதாதீர்கள். இளைஞனானாலும் விசுவாசிகளுக்கு மாதிரியாயிரு என்கிறது 1 தீமோத்தேயு 4:12.

கேள்வி (ஊர் வேண்டாம்): கடன் கொடுத்தவர் இறந்துவிட்டார். பத்திரம் இல்லை, அவர் பிள்ளைகளுக்கும் தெரியாது. நான் என்ன செய்வது?

பதில்: பிள்ளைகளைத் தேடிப்போய்க் கொடுங்கள். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். நீங்கள் அசலையும் பேசிய வட்டியையும் கொடுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் தவணை கேளுங்கள். இந்த வாரமே போங்கள்.