தினமும் ஓடியும் 1500 மீட்டர் நேரம் குறையலையா?

ஓட்டத்தை வாரம் நாலு நாளாக் குறைங்க. காவலர் தேர்வுக்காக ஆறு வாரமா ஒரு நாள் விடாம ஓடியும் 7 நிமிஷம் 20 நொடியிலேயே நிக்குது, முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்போட உள்பக்க ஓரம் வலிக்குதுன்னு எழுதியிருக்கீங்க. உழைப்பு குறையலை, உடம்பு தேறத்தான் நேரம் இல்லை. ஓடும்போது தசை களைச்சுப்போகுது. வலு ஏறுறது அதுக்கப்புறம், ஓய்வுல.

சோதிக்க ஒண்ணு: காலைல கண் முழிச்சதும் படுத்தபடியே நாடித்துடிப்பை ஒரு நிமிஷம் எண்ணி எழுதி வையுங்க. வழக்கத்தைவிட ஏழெட்டு கூடியிருக்கிற நாள் ஓடாதீங்க, நடந்தா போதும்.

ஓட்டம் இல்லாத ரெண்டு நாள்ல:

1. படிக்கட்டு விளிம்புல முன்பாதத்தை மட்டும் ஊன்றி, குதிகாலை உயர்த்தி, மூணு எண்ணி மெதுவா இறக்குங்க. முட்டி நேரா 15, லேசா மடக்கி 15. மூணு சுற்று. மடக்கிச் செய்யறதை விட்டுடாதீங்க. ஓடும்போது பெரும் சுமையைத் தாங்குற கெண்டைக்கால் உள்தசைக்கு வேலை அதுலதான்.
2. குந்தி எழுறது, பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேரா நிறுத்துறது).

ஏழாவது நாள் முழு ஓய்வு.

ஓடுற நாலு நாள்ல ஒரு நாள் மட்டும் வேகம்: 400 மீட்டர் அஞ்சு தடவை, ஒவ்வொண்ணும் 1 நிமிஷம் 50 நொடி, நடுவுல ரெண்டு நிமிஷம் நடை. வலி அடங்கின பிறகு இதைத் தொடங்குங்க. மத்த நாள்ல பேசிக்கிட்டே ஓடுற வேகம்.

வலி ஒரு விரல்நுனி அளவு இடத்துல மட்டும் குத்தினாலோ, ராத்திரி படுத்தும் விடலைன்னாலோ எலும்புல மெல்லிய விரிசல் இருக்கலாம். ஓட்டத்தை உடனே நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்க. ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாமலும் போகும், அதனால வலியோட இடத்தைச் சரியாத் தொட்டுக் காட்டுங்க.