முதல் எலெக்ட்ரிக் கிட்டார்: ஆம்ப் வாங்கும் முன் யோசிக்க வேண்டியது

கேள்வி: மூன்று வருடமாக அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபை கொயரில் வாசிப்பேன். வீட்டில் பழைய சினிமாப் பாட்டுகளும் கொஞ்சம் ராக்கும் பழகுகிறேன். தாம்பரம் பக்கம் ஓர் அப்பார்ட்மென்டில் வாடகைக்கு இருக்கிறேன். எலெக்ட்ரிக்குக்கு மாற 50,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கடையில் 40 வாட் ஆம்பும் (ஆம்ப்ளிஃபையர்) கிட்டாரும் சேர்ந்த செட்டைக் காட்டுகிறார்கள். வால்வ் ஆம்ப் (பழைய ரேடியோவைப் போல உள்ளே கண்ணாடிக் குழாய்கள் உள்ளது) இல்லாமல் நல்ல டோன் வராது என்கிறார் ஒரு நண்பர். நாலு பெடல் (காலால் மிதித்து ஒலியை மாற்றும் சின்னப் பெட்டி) வாங்கு என்கிறார் இன்னொருவர். எதை முதலில் வாங்குவது?

பதில்: முதலில் கிட்டார். அடுத்து ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் (பல பெடல்களின் வேலையை ஒரே பெட்டியில் செய்யும் கருவி), ஒரு நல்ல ஹெட்ஃபோன். ஆம்ப் இப்போதைக்கு வேண்டாம்.

ஏமாற்றமாக இருக்கும், தெரியும். ஆனால் நீங்கள் வாசிக்கிற இடங்களைப் பாருங்கள். ஒன்று, பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிய அறை. இன்னொன்று, மிக்ஸரும் பெரிய ஸ்பீக்கர்களும் ஏற்கனவே இருக்கிற சபை. இரண்டு இடத்திலுமே 40 வாட் ஆம்புக்கு வேலை இல்லை. சத்தம் கடைசியில் எதன் வழியாக வெளியே வரப் போகிறது என்று முதலில் முடிவு செய்துவிட்டால், கடையில் என்ன காட்டினாலும் குழம்ப மாட்டீர்கள்.

வாட் கணக்கில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 20 வாட்டை 40 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்ற அளவு. இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் ஏறத்தாழ பத்து மடங்கு வாட் தேவை. கிட்டார் ஸ்பீக்கர்களோ ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில், 95 டெசிபலுக்கு மேலேயே எழுப்பக்கூடியவை. அப்பார்ட்மென்டில் அதுவே தாங்காது. 40 வாட் ஆம்பின் குமிழை ஒன்றைத் தாண்டித் திருப்ப உங்களுக்கு வாய்ப்பே கிடைக்காது.

வால்வ் ஆம்பைப் பற்றி நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தச் சுகம், வால்வுகள் திணறும் அளவுக்குச் சத்தத்தை ஏற்றும்போதுதான் முழுதாகக் கிடைக்கும். 15 வாட் வால்வ் ஆம்பை அந்த அளவுக்கு ஏற்றினால், டிரம்ஸ் வாசிப்பவருக்கு ஈடுகொடுக்கிற சத்தம் வரும். அறைக்குள் அடக்கி வாசித்தால் கொடுத்த காசில் பாதி வீண். வால்வுகளும் தேயும், மாற்ற வேண்டும். அமெரிக்காவிலிருக்கும் உறவினர் ஒன்றைக் கொண்டுவருகிறேன் என்றால், பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட். அதை நம் ஊர் 230 வோல்ட்டில் அப்படியே செருகினால் ஆம்ப் அன்றைக்கே கருகும்.

சரி, ஆம்ப் இல்லையென்றால் கிட்டாரை நேரே மிக்ஸரில் செருகிவிடலாமே? நிறையச் சபைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். உங்கள் அக்கூஸ்டிக்கில் பேட்டரி போட்ட பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) இருந்தால் அது சரிப்படும். எலெக்ட்ரிக் அப்படியில்லை. அதன் பிக்கப், காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய கம்பி. அது எதிர்பார்க்கிற இன்புட் சுமார் பத்து லட்சம் ஓம். மிக்ஸரின் லைன் இன்புட் பெரும்பாலும் சில பத்தாயிரம் ஓம்தான். அதில் செருகினால் பிக்கப்பின் மேல்சுருதி அத்தனையும் அமுங்கிப்போய், போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் மங்கலாகக் கேட்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. கிட்டார் ஆம்பில் இருக்கும் 12 இஞ்ச் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் தராது. டிஸ்டார்ஷனில் (ராக் கிட்டாரின் அந்தக் கரடுமுரடான ஒலி) பிறக்கும் கரகரப்பை அது வடிகட்டிவிடுகிறது. சபையின் பெரிய ஸ்பீக்கர்கள் அந்தக் கரகரப்பையும் விடாமல் ஒலிக்கும். டிஸ்டார்ஷன் பெடல் ஒன்றை மட்டும் மிக்ஸரில் மாட்டி வாசித்தால் வருகிற சீறல் அதுதான். நாலு பெடல் யோசனையை நான் தள்ளிப்போடச் சொல்வதும் இதனால்தான். தனிப் பெடல்கள் நல்லவை, ஆனால் அவற்றுக்கு ஓர் ஆம்ப் வேண்டும்.

மல்டி எஃபெக்ட்ஸ் இரண்டையும் சேர்த்துத் தீர்க்கிறது. இன்புட் கிட்டாருக்கென்றே அமைந்தது. உள்ளே ஆம்ப் மாடலும், ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் கேப் சிமுலேஷனும் இருக்கும். வாங்கும்போது இந்தக் கேப் சிமுலேஷன் உண்டா, ஹெட்ஃபோன் ஜாக் உண்டா, வெளியே போகும் சிக்னலில் கேப் சிமுலேஷனைத் தேவைப்பட்டால் அணைக்க முடியுமா என்று கேளுங்கள். அணைக்கும் வசதி, பிறகு என்றாவது ஆம்ப் வாங்கும்போது உதவும். ஜூம் ஜி1 ஃபோர் போதும். கொஞ்சம் கூடச் செலவு செய்ய முடிந்தால் நக்ஸ் எம்ஜி-30. எத்தனை நூறு எஃபெக்ட் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். நீங்கள் உண்மையில் பயன்படுத்தப் போவது ஆறோ ஏழோதான். ஹெட்ஃபோன் வயர் உள்ளதாக இருக்கட்டும். சாதாரண புளூடூத் ஹெட்ஃபோனில் அடித்த ஸ்வரம் சற்றுத் தாமதித்துக் காதுக்கு வரும், தாளம் பழகவே முடியாது.

இனி கிட்டார். உங்கள் பாட்டுகளுக்கு எச்எஸ்எஸ் என்று சொல்லும் பிக்கப் அமைப்பைத்தான் சொல்வேன்: பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், நடுவிலும் நெக் பக்கமும் சிங்கிள் காயில். பழைய சினிமாப் பாட்டுகளின் மணிமணியான ஆர்பெஜியோவுக்கும் (கார்டை ஒவ்வொரு ஸ்வரமாக மீட்டுவது) கொயரில் பாட்டுக்குப் பின்னால் நிற்கும் கார்டுகளுக்கும் சிங்கிள் காயில். ராக்குக்கு ஹம்பக்கர். சிங்கிள் காயில் நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். ஹம்பக்கரில் இரண்டு காயில்கள் எதிரெதிர்த் திசையில் அமைந்து அதை அடித்துவிடும். 1950களின் நடுவில் கிப்சனில் சேத் லவர் அதை உருவாக்கியதே இந்த ரீங்காரத்தை ஒழிக்கத்தான்.

யமஹா பசிஃபிகா 112வி உங்கள் பட்ஜெட்டுக்குள் கிடைத்தால் வேறு தேட வேண்டாம். ஆல்டர் மரம், எச்எஸ்எஸ், ஹம்பக்கரைப் பாதியாக்கிச் சிங்கிள் காயில் போல ஒலிக்கவைக்கும் வசதியும் உண்டு. இல்லையென்றால் பசிஃபிகா 012, ஸ்குவையர் அஃபினிட்டி, கோர்ட் ஜி வரிசை, ஐபனேஸ் கியோ ஆகியவற்றில் எது கைக்குப் பொருந்துகிறதோ அது. ஃபிளாய்ட் ரோஸ் எனப்படும் லாக்கிங் டிரெமலோ (கம்பிகளைப் பூட்டிப் பிடித்து, ஆட்டக்கூடிய பிரிட்ஜ்) உள்ளதை மட்டும் இப்போது தொடாதீர்கள். ஒரு கம்பியின் சுருதியை மாற்றினால் மற்ற ஐந்தும் நகரும். கொயரில் பாடகருக்காகக் கடைசி நிமிடத்தில் அரைச் சுருதி இறக்கச் சொன்னால் திண்டாடிப்போவீர்கள்.

கடையில் பிராண்டைவிட, உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு கிட்டாரைச் சோதிப்பதுதான் முக்கியம். ஒரே மாடலில் தொங்கும் இரண்டு கிட்டார்கூட ஒன்றுபோல் இருக்காது. முதலில் கிளிப் டியூனரில் சரியாகச் சுருதி கூட்டுங்கள். பிறகு நெக்கின் இரண்டு ஓரத்திலும் விரலை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். ஃப்ரெட் முனைகள் கீறினால், பெரும்பாலும் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது என்று பொருள். ஏசி ஓடும் ஷோரூம்களில் இது அடிக்கடி நடக்கும். அப்புறம், ஆறு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி நிதானமாக மீட்டிக்கொண்டே கடைசி வரை போங்கள். எங்காவது சத்தம் சட்டென்று செத்துப்போனால் அந்த ஃப்ரெட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் கம்பியைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி ஒரு முழு ஸ்வரம் ஏறும் வரை வளையுங்கள். வளைக்க வளைக்க ஒலி அடங்கிவிட்டால் பெரும்பாலும் ஃப்ரெட்டுகள் சமமாக இல்லை. சினிமாப் பாட்டின் இழைப்புகளை வாசிக்க நினைக்கிற உங்களுக்கு அந்தக் கிட்டார் உதவாது, என்ன தள்ளுபடி தந்தாலும் வைத்துவிடுங்கள்.

இன்டொனேஷனையும் (ஃப்ரெட் தோறும் சுருதி சரியாக நிற்கிறதா என்பது) பாருங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மானிக்கும் (கம்பியை லேசாகத் தொட்டு எடுக்கும் ஸ்வரம்) அழுத்தி எடுத்த ஸ்வரமும் டியூனரில் ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினால் பயமில்லை, பிரிட்ஜில் திருகித் திருத்தலாம். ஆம்பில் மாட்டிக் கேட்கும்போது ரிவெர்ப் (எதிரொலி), டிஸ்டார்ஷன் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள். குமிழ்களைத் திருப்பும்போது கரகரக்கிறதா, ஜாக்கை லேசாக அசைத்தால் சத்தம் அறுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

வாங்கியதும் செட்டப்புக்கு (கம்பி உயரம், நெக், இன்டொனேஷன் எல்லாம் சரிசெய்ய) கொடுங்கள். அதற்கும் நல்ல ஸ்டிரிங் செட்டுக்கும் 2,000 ரூபாய் ஒதுக்குங்கள். 28,000 ரூபாய் கிட்டாரை இந்த 2,000 ரூபாய் மாற்றுகிற அளவுக்கு வேறு எந்தச் செலவும் மாற்றாது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆக்‌ஷன் (ஃப்ரெட்டிலிருந்து கம்பியின் உயரம்) 1.5 முதல் 2 மில்லிமீட்டருக்குள் வேண்டும் என்று சொல்லுங்கள். ஸ்டிரிங் 9 (கம்பியின் தடிமன், ஆயிரத்தில் ஒரு இஞ்ச் கணக்கில்) வேண்டாம், 10-46 போடச் சொல்லுங்கள். அக்கூஸ்டிக்கில் பழகிய விரல் தேவைக்கு மேல் அழுத்தும். மெல்லிய கம்பியில் அந்த அழுத்தமே சுருதியை ஏற்றிவிடும். டியூனர் சரி என்று காட்டியும் கார்டு அபஸ்வரமாகக் கேட்பதற்கு, அக்கூஸ்டிக்கிலிருந்து வருகிறவர்களிடம் முதல் காரணம் இதுதான். சென்னைக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் மேலும் அடியிலும் துடைத்துவிடுங்கள். கோட்டிங் உள்ள ஸ்டிரிங் விலை கூட, ஆனால் நம் ஊருக்கு லாபம்.

சபையில் வாசிக்கும் முன், வீட்டில் ஹெட்ஃபோனில் செய்து வைத்த சவுண்டு அங்கே அப்படியே வராது என்பதற்குத் தயாராக இருங்கள். குறைந்த சத்தத்தில் நம் காது பேஸையும் மேல்சுருதியையும் குறைவாகக் கேட்கும். அதனால் வீட்டில் இரண்டையும் ஏற்றி வைத்திருப்போம். சபையில் அது பேஸ் கிட்டாரோடு மோதிக் குழம்பும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். ரிவெர்பைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள், சில சபைகளில் முழுதாகவே அணைக்கலாம். உயரமான கூரையும் வெறும் சுவருமாக இருக்கும் கட்டடம் ஏற்கனவே எதிரொலிக்கிறது. அதன்மேல் நீங்களும் எதிரொலி சேர்த்தால் பாடல் வரிகளே புரியாது. டிலே (வாசித்ததைச் சற்றுப் பின்னால் திரும்ப ஒலிக்கும் எஃபெக்ட்) போட்டால் பாட்டின் வேகத்தோடு பொருந்த வேண்டும். 60,000ஐ பாட்டின் பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை மில்லி விநாடி என்று கிடைக்கும். 120 பிபிஎம் என்றால் 500. ஆராதனைப் பாடல்களில் கேட்கிற அந்த உருண்டு வரும் ஓசைக்கு அதில் முக்கால் பங்கு, அதாவது 375. எல்லா பேட்ச்சையும் (மல்டி எஃபெக்ட்ஸில் சேமித்து வைத்த சவுண்டு) ஒரே சத்தத்தில் வைத்து, சோலோவுக்கு மட்டும் 3 டெசிபல் கூட்டுங்கள். சவுண்டு பார்க்கிற அண்ணன் அதன்பிறகு உங்கள் லைனைக் குறைத்துவிட்டு மறந்துபோக மாட்டார்.

மிக்ஸர் மேடையிலிருந்து தூரமாக இருந்தால் ஒரு டிஐ பாக்ஸ் (சிக்னலை நீண்ட மைக் கேபிளில் அனுப்பத் தக்கதாக மாற்றும் சின்னப் பெட்டி) வேண்டும். சபையிலேயே ஒன்று இருக்கலாம், முதலில் கேளுங்கள். எஃபெக்ட்ஸிலிருந்து அதற்குச் சின்ன கேபிள், அங்கிருந்து மைக் கேபிளில் மிக்ஸருக்கு. ரீங்காரம் வந்தால் டிஐ பாக்ஸில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் (சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் துண்டிப்பது) தட்டிப் பாருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ரீங்காரத்தைப் போக்க மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டவோ கழற்றவோ கூடாது. யாராவது அப்படிச் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு இணைந்தவை. ஒரு கையில் கம்பி, உதட்டில் மைக் என்று நிற்கும்போது இரண்டுக்கும் எர்த் வேறுபட்டால் மின்சாரம் உங்கள் உடல் வழியாகத்தான் பாயும். 1972இல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ்லி ஹார்வி மேடையிலேயே உயிரிழந்தது, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டதால். மைக்கைத் தொடும்போது லேசாகச் சுர்ரென்று பிடித்தாலும் வாசிப்பதை நிறுத்தி, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்த பிறகு தொடருங்கள். பழைய கட்டடங்களில் பிளக் பாயின்டில் எர்த் ஓட்டை இருக்கும், உள்ளே வயர் இருக்காது.

பணக் கணக்கு: கிட்டாருக்கு 28,000 வரை, மல்டி எஃபெக்ட்ஸுக்கு 12,000 வரை, செட்டப்புக்கும் ஸ்டிரிங்குக்கும் 2,000, ஹெட்ஃபோனுக்கு 4,000, மூன்று மீட்டரும் ஆறு மீட்டருமாக இரண்டு நல்ல கேபிள், ஸ்டிராப், பேக் எல்லாம் 3,000க்குள். நக்ஸ் எடுத்தால் கிட்டாரில் கொஞ்சம் இறங்க வேண்டியிருக்கும். மீதி இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்டையும் தயங்காமல் பாருங்கள். கம்பி பதிந்த இடத்தில் ஃப்ரெட் ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தால் மட்டும் வேண்டாம். ஃப்ரெட் மாற்றும் செலவு அந்த விலையில் கட்டுப்படியாகாது.

மேடையில் டிரம்ஸோடு, மானிட்டர் (வாசிப்பவர் தன் சத்தத்தைக் கேட்பதற்கான ஸ்பீக்கர்) இல்லாமல் வாசிக்க வேண்டிய நாள் வந்தால் அப்போது ஆம்ப் வாங்குங்கள். உங்கள் மல்டி எஃபெக்ட்ஸைக் கையோடு கொண்டுபோய், கேப் சிமுலேஷனை அணைத்து, அந்த ஆம்பில் மாட்டி, நீங்களே செய்த பேட்ச்சுகளை வாசித்துக் கேட்டு வாங்குங்கள்.